திருமுல்லைவாயில் தாண்டினால் பாட்டு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடை பழக்கமில்லை. தீர்மான நோட்டு எழுதச் சொன்னா எழுதிடுவேன். மைக் பிடிச்சா கை நடுங்குது. கடன், சேமிப்பு பற்றிப் பேச நிறைய பேர் இருக்காங்க, நீ உன் வேலையைப் பற்றிப் பேசுன்னு எங்க ஊக்குநர் அக்கா சொல்லிட்டாங்க. அதனால் போன தீபாவளிக்கு முன்னாடி வந்த ஒரே ஒரு வாரத்தைப் பற்றிப் பேசுறேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். சட்டைக்குக் கை ஏத்துறது என் வேலை. காலையில் ஏழேகாலுக்கு வெள்ளானூரில் வேன் ஏறினா, ஆவடி, திருமுல்லைவாயில் வழியா கம்பெனி. அந்த வாரம் திங்கட்கிழமையே லைனில் டார்கெட்டை ஏத்திட்டாங்க. ஷிப்மென்ட் கிளம்பணுமாம். செவ்வாய்க்கிழமை என் பக்கத்து மெஷின் பொண்ணு லீவு. அவள் பீஸும் என் மேலே குவிஞ்சது. புதன்கிழமை ஆல்ட்ரேஷன் நாற்பது பீஸ் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கத்தினார். இருபது வருஷமா தைக்கிறேன், என் மகன் வயசு இருக்கும் அவருக்கு.

அது கம்பெனிக் கதை. வீட்டில் என்ன நடந்ததுன்னா, சின்னவளுக்குக் காய்ச்சல். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் தேதி. குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணை ஒரு மாசம் பாக்கி. ரெண்டு கூட்டத்துக்கு நான் போகலை. போகாததுக்குக் காரணம் ஓ.டி. மட்டும் இல்லைம்மா, வெட்கமும்தான். பணம் கட்டாம எந்த முகத்தோட வட்டமா உட்காருவது? வியாழக்கிழமை கம்பெனி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாதுன்னு. வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட, நாளையிலிருந்து வேலைக்குப் போகலைன்னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை. அடுத்த மாச வாடகையை மனசுக்குள்ளே கணக்குப் போடுறார்னு எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. 2019-ல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு ஆய்வு எடுத்தது, ஒரு நாளில் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவு செய்யறாங்கன்னு. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிடம் செலவு செய்யறாங்க. வீட்டு வேலை செய்யற ஆண்களுக்கு 97 நிமிடம். 299 நிமிடம்னா கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். கம்பெனி வேலை முடிஞ்ச பிறகு இன்னொரு அரை ஷிப்ட், ஓ.டி. கிடையாது. உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து ஒண்ணு சொன்னாங்க: வாரத்துக்கு 55 மணி நேரமும் அதுக்கு மேலும் வேலை பார்க்கிறவங்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்க்கிறவங்களைவிடப் பக்கவாதம் வர வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். என் வாரத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எண்ணாமலே இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊக்குநர் அக்காவும் இன்னும் மூணு பேரும் எங்க வீட்டுக்கு வந்தாங்க. பாக்கி வாங்கத்தான் வர்றாங்கன்னு நினைச்சு, நான் பின்பக்கம் துணி துவைக்கிற மாதிரி உட்கார்ந்துக்கிட்டேன். அக்கா நேரா பின்பக்கமே வந்துட்டாங்க. கையில் ஒரு தூக்கு. உள்ளே கேழ்வரகு அடை. "சாப்பிட்டியாடி?" அவ்வளவுதான் கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு.

கரண்ட் இல்லை. மாடிப்படியில் வரிசையா உட்கார்ந்தோம். யாரும் புத்தி சொல்லலை. எங்க குழுவில் மூத்தவங்க ஒரு பெரியம்மா, இப்போ பிளாட் போட்டிருக்கிற இடத்தில் முன்னாடி நடவு நட்டவங்க. திடீர்னு அவங்க ஒரு நடவுப் பாட்டை எடுத்தாங்க. குரல் உடைஞ்சு போச்சு, பாதி வரி மறந்து போச்சு. மறந்த இடத்தில் எல்லாம் எங்க சூப்பர்வைசரை நுழைச்சு அவங்களாவே வரி கட்டினாங்க. அவர் வரப்பில் வழுக்கிச் சேத்தில் விழுந்த கதை. வயிறு வலிக்கச் சிரிச்சோம். சின்னவள் காய்ச்சலோட எழுந்து வந்து மடியில் உட்கார்ந்துக்கிட்டா.

அப்புறம் பெரியம்மா ஒண்ணு சொன்னாங்க. அந்தக் காலத்தில் குனிஞ்ச இடுப்பு நிமிராது, கூலியும் கம்மி. ஆனா ஒருத்தி பாட, மத்தவங்க பின்பாட்டுப் பாட, எல்லார் கையும் ஒரே நேரத்துக்கு நாத்தை வைக்கும். யாரும் பின்தங்க மாட்டாங்க. ஒருத்தி தளர்ந்தா பாட்டையும் கொஞ்சம் தளர்த்துவாங்களாம். எங்க லைனில் நான் தளர்ந்தா பெல்ட்டு தளராதே!

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1940 ஜூன் மாசம், யுத்த நேரத்தில், தொழிற்சாலைப் பெண்களும் ஆண்களும் கேட்கணும்னே பி.பி.சி. ரேடியோ ஒரு இசை நிகழ்ச்சி ஆரம்பிச்சது. காலையில் அரை மணி, மதியத்துக்கு மேல் அரை மணி. உற்பத்தி கூடணும்னு செய்ததுதான், நம்ம மேல பாசம் வெச்சு இல்லை. ஆனா பாட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கேட்கிறவளுக்குத் தெம்பு கொடுத்துடும்.

அதைவிட எனக்குப் பிடிச்ச கதை ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டுக் கதை. டிக்சன் சிபண்டான்னு ஒரு மனநல மருத்துவர். அவரைப் பார்க்க வர பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒரு இளம்பெண் இறந்து போனாள். அது அவரை உலுக்கிடுச்சு. அந்த நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணுற அளவுதான். அவர் என்ன செய்தார்? ஹராரே நகரத்தில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசல் பக்கம் மரப் பெஞ்சு. பாட்டி உட்கார்ந்திருப்பாங்க, மனசு சரியில்லாதவங்க பக்கத்தில் போய் உட்காரலாம். 2006-ல் ஆரம்பிச்சது. 2016-ல் ஆராய்ச்சி செய்து பார்த்தாங்க. ஆறு மாசம் கழிச்சு, வழக்கமான வைத்தியம் மட்டும் கிடைச்சவங்களைவிட, பாட்டிகளோட பேசினவங்களுக்கு மனச்சோர்வு நல்லாவே குறைஞ்சிருந்தது. அந்த ஊர் பாஷையில் இந்தக் கஷ்டத்துக்குப் பேரே "ரொம்ப யோசிக்கிறது"ன்னு அர்த்தம் வர்ற ஒரு சொல்தானாம். எங்க அம்மா "யோசனை ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு சொல்லுவாங்களே, அதேதான். எங்க மாடிப்படியும் அன்னைக்கு அந்தப் பெஞ்சுதான்.

சரி, திங்கட்கிழமை என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. வேலைக்குப் போனேன். ஆனா தனியாப் போகலை. எங்க வேனில் வர்ற அஞ்சு பேர் சேர்ந்து ஆபீஸுக்குப் போய்ப் பேசினோம். வாரத்துக்கு 48 மணி நேரம், அதுக்கு மேல் செய்தா இரட்டிப்புக் கூலின்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. கடையில் நின்னுக்கிட்டே வேலை பார்க்கிற நம்ம பெண்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, கேரளாவில் அதுக்கு முன்னாடியே 2018-ல். இதெல்லாம் யாராவது ஒரு முறை கேட்டதால் வந்தது. நாங்க கேட்டதில் பாதி கிடைச்சது. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. முறை வெச்சு மாத்திக் கொடுக்கிறாங்க. எல்லார் முன்னாடியும் கத்தறது நின்னுது. டார்கெட் குறையலை. அதை மறைக்க மாட்டேன். பாட்டுப் பாடினா டார்கெட் குறையும்னு சொன்னா நீங்களே சிரிப்பீங்க.

பாக்கித் தவணைக்கு மூணு மாச அவகாசம் கொடுத்துக் குழுவில் தீர்மானம் போட்டாங்க. அபராதம் பத்து ரூபாய் மட்டும் விடலை. சட்டம்னா சட்டம்னாங்க பெரியம்மா. கட்டினேன்.

இன்னொண்ணு மாறினது வேன். டிரைவர் தம்பி காலையிலேயே காது கிழியற குத்துப்பாட்டு போடுவார். அவரோட ஒப்பந்தம் போட்டோம். காலையில் உன் பாட்டு, சாயங்காலம் எங்க பாட்டு. சாயங்காலத்துக்கு ஒரு விதியும் உண்டு. அம்பத்தூரில் ஏறினதிலிருந்து திருமுல்லைவாயில் வரைக்கும் யாரை வேணும்னாலும் திட்டலாம், மாமியார் உள்பட. திருமுல்லைவாயில் தாண்டிட்டா கம்பெனிப் பேச்சு கிடையாது, பாட்டுதான். பி.சுசீலா, எஸ்.ஜானகி, இளையராஜா, யார் கேட்டாலும் போடுவோம். கூடப் பாடத் தெரியாதவங்க கை தட்டணும். ஆவடி சிக்னலில் நிற்கும்போது பக்கத்து பஸ்காரங்க எட்டிப் பார்ப்பாங்க. பார்க்கட்டும். வீட்டு வாசலில் இறங்கும்போது அந்த சூப்பர்வைசர் என்னோட இறங்கறதில்லை, அது போதும்.

ஒரு விஷயம் மட்டும் சீரியஸா சொல்லணும். பாட்டுக்கும் தோழிக்கும் அடங்காத கஷ்டமும் உண்டு. ரெண்டு வாரமா தூக்கமில்லை, சோறு இறங்கலை, செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதுன்னா, அது மனசுக்கு வந்த நோய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்க. 14416-க்குப் போன் செய்தா இலவசமா, தமிழில் பேசுவாங்க. நம்ம மாநில 104-உம் இருக்கு. பேர் சொல்லக் கூச்சமா இருந்தா பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்துக்கட்டும். தவணை கட்டலைன்னு ஒருத்தி கூட்டத்துக்கு வரலைன்னா, நோட்டில் "வரவில்லை"ன்னு எழுதறதுக்கு முன்னாடி அவள் வீட்டுக் கதவை ஒரு தரம் தட்டுங்க.

தலைவி அம்மாகிட்ட ஒரு கோரிக்கை வெச்சு முடிச்சுக்கறேன். மாசத்தில் முதல் சனிக்கிழமை, கூட்டம் முடிஞ்ச பிறகு, கூட்டமைப்புக் கட்டடச் சாவி எங்ககிட்ட ஒரு மணி நேரம் இருக்கட்டும். ஸ்பீக்கர் செட் வேண்டாம், செலவு வேண்டாம். பெரியம்மாவுக்குத் தெரிஞ்ச பாட்டு இன்னும் முப்பதாவது இருக்கும், ஒண்ணுகூட யாரும் எழுதி வைக்கலை. பழைய தீர்மான நோட்டில் பின்பக்கம் காலியா இருக்கு, அதில் நான் எழுதிக்கறேன். அடை கொண்டு வர்றது ஊக்குநர் அக்கா பொறுப்பு.