ஆயுள் நூலும் குண்டிக்காய்ப் புற்றும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் உங்களில் பலருக்குப் புதியதாயிருக்கலாம். ஆனால் அதன் அடியில் கிடக்கும் கேள்வி மிகப் பழையது. மனிதனுடைய ஆயுளும், அவனுக்கு வரப்போகும் வியாதியும் அவன் பிறக்கும்போதே அளந்து வைக்கப்பட்டு விடுகின்றனவா என்பதே அந்தக் கேள்வி. தலையில் எழுதியிருக்கிறது என்றான் ஒருவன். உள்ளங்கையில் ரேகையாக ஓடுகிறது என்றான் இன்னொருவன். கிரகத்தில் இருக்கிறது என்று ஓலையைப் பிரித்தான் மற்றொருவன். இப்பொழுதோ, “ஒரு துளி ரத்தம் கொடு, உன் செல்லின் நுனியை அளந்து உன் உண்மையான வயதைச் சொல்லுகிறோம்” என்று விலை பேசும் கம்பெனிகள் வெளிநாடுகளில் புறப்பட்டிருக்கின்றன. முந்திய மூன்றும் வெறும் புரட்டு. இந்த நான்காவதிலோ மெய்யான விஞ்ஞானமும் வியாபாரமும் கலந்து கிடக்கின்றன. முழுப் பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். தண்ணீர் கலந்த பாலைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஆகவேதான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

நுனி என்பது என்ன?

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. பெரும்பாலான செல்களுக்குள் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. தாய் தகப்பனிடமிருந்து நமக்கு வரும் குணங்களெல்லாம் இந்த நூல்களில்தான் இருக்கின்றன. கிணற்றுக் கயிற்றின் முனையில் ஒரு முடிச்சுப் போட்டு வைக்கிறோமல்லவா? போடாவிட்டால் புரி பிரிந்து கயிறே நாசமாகிவிடும். அதுபோல ஒவ்வொரு குரோமோசோமின் இரு முனையிலும் ஒரு காப்பு இருக்கிறது. அதற்கு டெலோமியர் என்று 1938இல் ஹெர்மன் முல்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி பெயரிட்டார். முடிவுப் பகுதி என்பது அதன் பொருள்.

அந்தக் காப்பில் ஆறெழுத்துள்ள ஒரு சொல், டி டி ஏ ஜி ஜி ஜி என்று, ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. நம் நாட்டிலும் ஆறெழுத்து மந்திரம் உண்டு. ஆனால் இந்த ஆறெழுத்தை யாரும் ஜெபிக்க வேண்டியதில்லை. சோதனைச் சாலையில் எந்த ஜாதியான், எந்த மதத்தான் பார்த்தாலும் இதே ஆறெழுத்துத்தான் தெரியும்.

செல் ஒன்று இரண்டாகப் பிரியும் போதெல்லாம் இந்த முனையில் 50 முதல் 200 எழுத்து வரை தேய்ந்து போகிறது. அதிகமாகத் தேய்ந்த பிறகு, “இனி நான் பிரிய மாட்டேன்” என்று செல் நின்றுவிடுகிறது.

பெரிய பெயரும் சிறிய கண்ணாடிப் புட்டியும்

செல் இப்படி நின்றுவிடும் என்பதையே விஞ்ஞானிகள் நெடுங்காலம் ஒப்புக் கொள்ளவில்லை. அலெக்ஸி காரெல் என்பவர் 1912இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் கோழிக் குஞ்சின் இருதயத்திலிருந்து எடுத்த செல்களைப் புட்டியில் வளர்த்து, அவற்றுக்குச் சாவே கிடையாது என்றார். அந்த வளர்ப்பு 34 வருஷம் நடந்தது, உலகமும் நம்பிற்று. 1961இல் பிலடெல்பியா நகரில் ஹேஃப்ளிக், மூர்ஹெட் என்ற இருவர், மனித செல்கள் 40 முதல் 60 தடவை பிரிந்த பிறகு நின்றுவிடுகின்றன என்று செய்து காட்டினார்கள். காரெலின் புட்டியில் தீனியோடு புதிய செல்களும் சேர்ந்து போயிருக்க வேண்டும் என்றே இன்று கருதப்படுகிறது.

தோழர்களே! இதில் கவனிக்க வேண்டியது என்ன? பரிசு பெற்றவர் சொன்னார் என்பதற்காக எதுவும் மெய்யாகிவிடாது என்பதுதான். சொன்னவரைப் பார்க்காமல் சொன்னதைச் சோதித்ததால் தவறு விலகிற்று.

பிறகு 1984இல் கலிபோர்னியாவில் எலிசபெத் பிளாக்பர்ன் என்ற ஆசிரியையும், கரோல் கிரைடர் என்ற அவரது மாணவியும், தேய்ந்த முனையைத் திரும்ப வளர்க்கும் டெலோமரேஸ் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது குளத்துத் தண்ணீரில் வாழும் ஒற்றைச் செல் பிராணியை! 2009இல் ஜாக் ஷோஸ்டாக் என்பவரோடு சேர்த்து அவ்விரு பெண்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வளர்ந்த மனிதனின் பெரும்பாலான செல்களில் இந்த டெலோமரேஸ் அடங்கிக் கிடக்கிறது. புற்றுக் கட்டிகளில் நூற்றுக்கு 85க்கு மேற்பட்டவற்றில் அது விழித்துக் கொண்டிருக்கிறது. அதாவது, நிற்க வேண்டிய செல் நிற்காமல் பெருகுவதற்கு அதுவே துணை. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

குட்டையா? நெட்டையா?

நிற்க, குண்டிக்காய் என்று கிராமங்களிலும், சிறுநீரகம் என்று ஆஸ்பத்திரிகளிலும் சொல்லப்படும் உறுப்பில் வரும் புற்றுக்கு வருவோம். 2020ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 4,30,000 பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. யாருக்கு வரும் என்பதை டெலோமியரின் நீளத்தைக் கொண்டு முன்னாடியே அறிய முடியுமா என்பதே விஞ்ஞானிகளின் கேள்வி.

2003இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தார் நடத்திய ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. புற்று கண்டவர்களின் ரத்தத்தையும், நோயற்றவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, சிறுநீரகப் புற்று உட்பட சில புற்றுகள் உள்ளவர்களுக்கு டெலோமியர் குட்டையாயிருக்கிறது என்றார்கள். உடனே, “குட்டை என்றால் ஆபத்து, நெட்டை என்றால் க்ஷேமம்” என்ற எண்ணம் பரவிற்று.

ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. ரத்தம் எடுத்தது நோய் வந்த பிறகு. வீடு எரிந்து முடிந்த பிறகு போய்ப் பார்த்து, “கூரை கறுத்திருக்கிறது, ஆகையால் கறுத்த கூரைதான் தீக்குக் காரணம்” என்று சொல்லலாமா? நோயே முனையைத் தேய்த்திருக்கலாமல்லவா?

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க ஒரு வழி கண்டார்கள். டெலோமியர் சற்று நீளமாக அமைவதற்கோ குட்டையாக அமைவதற்கோ காரணமான சில மரபு வித்தியாசங்கள் கருவிலேயே நமக்கு வந்துவிடுகின்றன. பின்னால் வரும் நோயோ மருந்தோ அவற்றை மாற்ற முடியாது. ஆகவே அவற்றைக் கொண்டு கணக்குப் பார்த்தால் காரணம் எது, காரியம் எது என்று பிரிக்கலாம். பட்டாணிச் செடியை வளர்த்து மரபின் விதியைக் கண்ட மெண்டலின் பெயரால் இம்முறை வழங்குகிறது.

2017இல் இம்முறைப்படி, சிறுநீரகப் புற்று கண்ட 10,784 பேரையும், காணாத 20,406 பேரையும் வைத்து ஆராய்ந்த முடிவு வெளிவந்தது. முடிவு நேர் தலைகீழ்! மரபுப்படி டெலோமியர் நீளமாக இருக்க வேண்டியவர்களுக்கே சிறுநீரகப் புற்று அதிகம். ஆயிரம் எழுத்து நீளம் கூடினால் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்று கணக்காயிற்று. அதே வருஷம் வந்த வேறொரு பெரிய ஆராய்ச்சி, நீளமான டெலோமியர் பல புற்றுகளின் ஆபத்தைக் கூட்டுகிறது, ஆனால் இருதய வியாதியின் ஆபத்தைக் குறைக்கிறது என்று கண்டது.

இதற்குக் காரணம் என்ன? முன்னே ஞாபகத்தில் வைக்கச் சொன்னதை எடுத்துக் கொள்ளுங்கள். முனை குட்டையான செல் சீக்கிரம் நின்றுவிடும். முனை நீளமான செல்லோ இன்னும் பல தடவை பிரியும். பழுது பட்ட செல்லாயிருந்தால் அந்தப் பழுதும் பெருகும். பழுதுக்கு மேல் பழுது சேர அவகாசமும் கிடைக்கும். சிறுநீரகப் புற்றின் முதல் பழுது பலருக்குச் சிறு வயதிலேயே விழுந்துவிடுகிறது என்று 2018இல் வெளிவந்த ஆராய்ச்சி சொல்லுகிறது. அப்படியானால் அந்தச் செல்லுக்கு நீண்ட நூல் யாருக்கு லாபம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

“நேற்றுக் குட்டை என்றார்கள், இன்று நெட்டை என்கிறார்கள், இதுதானா உங்கள் விஞ்ஞானம்?” என்று சிலர் கேலி செய்யக்கூடும். ஆம், இதுதான் விஞ்ஞானம்! சொன்னதைத் திருத்திக் கொள்ளும் யோக்கியதை அதற்கு இருக்கிறது. ஜாதகம் எத்தனை முறை பொய்த்தாலும் ஜோசியன் ஓலையைத் திருத்துகிறானா? பரிகாரத்துக்கு இன்னும் ஐந்து ரூபாயல்லவா கேட்கிறான்?

இது தலைவிதியாகுமா?

ஆனால் இரண்டு மடங்கு என்ற சொல்லைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். அமெரிக்காவில் ஆண்கள் 100 பேரில் சுமார் 2 பேருக்கு ஆயுளில் எப்போதாவது இந்தப் புற்று வருகிறது. அது இரண்டு மடங்கானாலும் 4 பேர். மீதி 96 பேருக்கு வருவதில்லை. எந்த 4 பேர் என்பதை டெலோமியர் சொல்லாது. மேலும் 2017ஆம் வருஷக் கணக்கு ஐரோப்பிய வம்சத்தாரைக் கொண்டு போடப்பட்டது. அதை அப்படியே நம் மீது ஒட்டிவிடவும் முடியாது. கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு வேறு, தனி மனிதனுக்குச் சொல்லும் ஆரூடம் வேறு. ஆகவே முனையை அளந்து ஆயுளைச் சொல்லுகிறேன் என்பவனும், முனையை வளர்க்க மாத்திரை தருகிறேன் என்பவனும் விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக் கொண்ட ஜோசியர்களே. வளர்ப்பது நன்மையா தீமையா என்பதே உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது என்று இப்பொழுது பார்த்தோமல்லவா?

அப்படியானால் நாம் செய்யக் கூடியது என்ன? சிறுநீரகப் புற்றை வளர்ப்பவை என்று திடமாகத் தெரிந்தவை மூன்று: புகை பிடித்தல், மிதமிஞ்சிய உடல் பருமன், கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு. இவை நம் கைக்குள் இருக்கின்றன. பீடியைத் தூக்கி எறிய ரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை.

இன்னொன்று. மூத்திரத்தில் ரத்தம் கண்டால் நம்மவர்கள், “உடம்புச் சூடு” என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். வலியில்லாமல் வந்த ரத்தம் தானே நின்றும் போகும். நின்றதும் சூடு தணிந்தது என்று திருப்தியடைகிறார்கள். பெண்களோ வெட்கப்பட்டு வெளியில் சொல்வதே இல்லை. அது கல்லாயிருக்கலாம், கிருமியாயிருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். எதுவென்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். புற்று சிறுநீரகத்தைத் தாண்டாத போதே கண்டவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் ஐந்து வருஷத்தைக் கடந்தும் வாழ்கிறார்கள் என்று அமெரிக்கக் கணக்குச் சொல்லுகிறது. தூர உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டால் 20 பேர் கூட மிஞ்சுவதில்லை. இந்த வித்தியாசம் எந்தத் தலையிலும் எழுதப்பட்டதல்ல. டாக்டரிடம் என்றைக்குப் போனோம் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டாலும் மற்றொன்றைக் கொண்டு மனிதன் வாழலாம். வெட்கத்துக்காக இரண்டையும் உயிரையும் சேர்த்து இழப்பது என்ன புத்திசாலித்தனம்?

தோழர்களே! நாம் சொன்னதையும் சொன்னோம் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். படித்தவர்களைக் கேளுங்கள், டாக்டர்களைக் கேளுங்கள், உங்கள் புத்தியில் உரைத்துப் பாருங்கள். சரியென்று பட்டால் இன்றிரவே வீட்டுக்குப் போய்ப் பெண்களிடமும் பெரியவர்களிடமும் மூத்திரத்தில் ரத்தம் கண்டால் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வேலை நடந்தாலே இக்கூட்டம் கூடியதற்குப் பலன் கிடைத்ததாகக் கருதுகிறோம்.