பொருளா, பயணச் சீட்டா?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நான் மெட்ரிகுலேஷன் தேறியதும் ரயில்வே உத்தியோகத்தில் அமர்ந்தவன். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. ஆயினும் சீட்டும் ரசீதும் எழுதிக் காலங் கழித்து வருபவன் என்ற முறையில், எது விற்பனை, எது அனுமதி என்னும் வேறுபாட்டைச் சிறிது அறிவேன். அவ்வறிவைத் துணையாகக் கொண்டு, நம் பிள்ளைகள் கணினியில் வாங்கி ஆடும் விளையாட்டுகளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற முன்வந்தேன்.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைப் பற்றி நான் பேச வரவில்லை. அவற்றைத் தடை செய்வதற்கென்றே 2025-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. நான் குறிப்பிடுவது, புத்தகம் வாங்குவது போல ஒரே முறை விலை கொடுத்து வாங்கும் பந்தாட்டம், கார்ப் பந்தயம், கதை விளையாட்டு முதலியவற்றை. ஒன்றின் விலை சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம் வரை செல்கிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது சிறு தொகையாகுமா?

முன்னாளில் இவ்விளையாட்டுகள் கைக்குள் அடங்கும் பெட்டியாகவோ குறுந்தகடாகவோ கடையில் கிடைத்தன. விலை கொடுத்தோம், வீட்டுக்குக் கொண்டு வந்தோம். பையன் ஆடி முடித்த பின் அடுத்த குவார்ட்டர்ஸ் பையனிடம் கொடுப்பான். அல்லது பாதி விலைக்கு விற்று வேறொன்று வாங்குவான். கடைக்காரர் அதைத் தடுக்க முடியாது. உற்பத்தி செய்தவர் கடையை மூடினாலும் நம் அலமாரியில் இருப்பது நம்முடையதாகவே இருந்தது.

இந்நிலை படிப்படியாக மாறிற்று. அமெரிக்க நாட்டின் வால்வ் என்னும் கம்பெனி 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்டீம் என்னும் இணைய ஏற்பாட்டைத் தொடங்கியது. மறு ஆண்டு நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 என்ற விளையாட்டை வெளியிட்டது. கடையில் குறுந்தகடாக வாங்கியவர்கள்கூட, இணையத்தில் கணக்கொன்று தொடங்கி, அதனுடன் அவ்விளையாட்டைப் பிணைத்தால்தான் அது திறந்தது. இதனை ஆக்டிவேஷன் என்பர். தமிழில் இணையவழி உயிர்ப்பித்தல் எனலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நாம் தட்டெழுதுகிறோம். விற்பவரின் சர்வர் அதனைச் சரிபார்த்து, 'இந்த எண் இன்னாருடைய கணக்கைச் சேர்ந்தது' என்று பதிந்து கொள்கிறது. அன்று முதல் அவ்வெண் வேறொருவர்க்குப் பயன்படாது. குறுந்தகடு நம் கையில் இருக்கும். அதன் உயிர் விற்பவரின் ஏட்டில் இருக்கும். பின்னர்க் குறுந்தகடும் போயிற்று. விளையாட்டு நேரே இணையத்தின் வழியாக வீட்டுக் கணினியில் வந்து இறங்குகிறது. சில விளையாட்டுகள் ஒருவர் தனியே ஆடினாலும், ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்ட பின்னரே திறக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் நன்மைகளையும் மறைத்தல் தகாது. தகடு கீறிப் போகும். கணக்கு கீறிப் போவதில்லை. மாற்றலாகி ஆயிரம் மைல் தள்ளிச் சென்றாலும் அங்கேயும் இறக்கிக் கொள்ளலாம். திருட்டுப் பிரதிகளால் உழைத்தவர்க்கு நேரும் நஷ்டமும் மெய்யே. 2015 ஜூன் முதல், வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தரும் வழக்கத்தை ஸ்டீம் கைக்கொண்டது. ஆகையால் வியாபாரிகள் எல்லோரும் வஞ்சகர் என்று கூறுவது என் நோக்கமன்று.

குறை எங்கே இருக்கிறதென்றால், சொல்லிலே இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் 'வாங்கு' என்ற பொத்தான் இருக்கிறது. அதற்கடியில் யாரும் படிக்காத நீண்ட ஒப்பந்தம் இருக்கிறது. ஸ்டீமின் ஒப்பந்தம் வாடிக்கையாளரைச் சந்தாதாரர் என்றே குறிப்பிடுகிறது. உள்ளடக்கம் விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே அளிக்கப்படுகிறது என்றும் கூறுகிறது. நம் ஊர்ப் பேச்சில் சொல்வதானால், கிரயம் என்று பணம் பெற்றுக் கொண்டு குத்தகைச் சீட்டைக் கையில் கொடுப்பது போன்றது இது.

இதனால் நேர்வது யாது? யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. தனி ஒருவராக ஆடும் பகுதிகள் அதில் மிகுதி. எனினும் சர்வர் இன்றி அது திறவாது. 2023 டிசம்பரில் அதன் விற்பனை நின்றது. 2024 மார்ச் 31-ஆம் நாள் சர்வர்கள் அணைக்கப்பட்டன. முழு விலை கொடுத்தவர்கள் கையிலும் அன்று முதல் ஒன்றுமில்லை. கடைக்காரர் கடையை மூடினால், நாம் வாங்கிச் சென்ற குத்துவிளக்கு நம் வீட்டில் அணைந்து போவதுண்டா?

என் இல்லத்திலும் இவ்வகை அனுபவம் ஒன்று உண்டு. பூஜைக்கு முன் வந்த போனஸ் பணத்தில் என் மகன் ஒரு கால்பந்து விளையாட்டை வாங்கினான். மூன்றாம் ஆண்டில் அந்தக் கம்பெனி தன் சர்வரை நிறுத்திற்று. கடிதம் எழுதிக் கேட்டோம். 'தாங்கள் பெற்றது உரிமமே. அது முடிவுற்றது' என்ற இரண்டு வரிப் பதில் வந்தது. 'அப்பா, முடிகிற நாளை அவர்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டாமா?' என்று பையன் கேட்டான். பதினான்கு வயதுப் பிள்ளை கேட்ட அக்கேள்வியை உலகெங்கும் பலர் கேட்டு வருகின்றனர்.

ஐரோப்பிய யூனியனின் உச்ச நீதிமன்றம் 2012 ஜூலையில், யூஸ்டுசாஃப்ட் வழக்கில், நிரந்தர உரிமத்தோடு இறக்கிக் கொண்ட கணினி மென்பொருளை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதனைத் துணையாகக் கொண்டு பிரான்சு நாட்டின் நுகர்வோர் சங்கமொன்று வால்வ் கம்பெனியின் மீது வழக்கிட்டது. 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்புக் கூறியது. ஆனால் 2022 அக்டோபரில் மேல் முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. விளையாட்டு என்பது வெறும் மென்பொருள் அன்று, படமும் இசையும் கதையும் கலந்த படைப்பு. அதன் பிரதி தேய்வதுமில்லை. ஆகவே பழைய பொருள் விற்பனை புதிய பொருளின் விற்பனையைக் கெடுக்கும் என்பது வாதம். 2024 அக்டோபரில் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஆக, கையில் இருக்கும் தகட்டை விற்கலாம். கணக்கில் இருக்கும் விளையாட்டை விற்கலாகாது என்பது அங்கே முடிந்த முடிபாயிற்று.

மறுபுறம் வேறு வகை முயற்சிகள் பலன் தந்திருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. அது 2025 ஜனவரி முதல் நாள் அமுலுக்கு வந்தது. வெறும் உரிமத்தைக் கொடுப்பவர், அஃது உரிமமே என்று தெளிவாக அறிவிக்காமல் 'வாங்கு' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது. இணையத் தொடர்பின்றி என்றும் பயன்படும் பிரதியை இறக்கித் தருபவர்க்கு இக்கட்டுப்பாடு இல்லை. இச்சட்டம் அமுலாகுமுன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் தன் பணம் செலுத்தும் பக்கத்தில் அத்தகைய அறிவிப்பை வைத்துவிட்டது. ஐரோப்பாவிலோ, 'தி க்ரூ' நிறுத்தப்பட்ட பின்னர் ஓர் இயக்கம் எழுந்தது. விற்பனையான விளையாட்டை நிறுத்தும்போது அஃது ஆடத்தக்க நிலையில் விடப்பட வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அவ்விண்ணப்பத்தில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அதற்கு முன்னரே, 2024-இல், யூபிசாஃப்ட் கம்பெனி அவ்விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்குச் சர்வரின்றி ஆடும் வசதி செய்து தருவதாக அறிவித்தது. ஆகவே அது செய்ய இயலாத காரியமன்று என்பது விளங்குகிறது.

இனி, என் தொழிலுக்கு வருகிறேன். ரயில் நிலையத்தில் இரு வகைக் காகிதம் கொடுக்கிறோம். ஒன்று பயணச் சீட்டு. மற்றொன்று பார்சல் ரசீது. சீட்டு வாங்கியவர்க்கு வண்டி சொந்தமாவதில்லை. சென்னையில் இறங்கும்போது பெட்டியைக் கழற்றிக் கொண்டு போக முடியாது; அதற்காக எவரும் வழக்கிடவும் இல்லை. ஏன்? சீட்டில் நாளும் ஊரும் அச்சிட்டிருக்கிறது. வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார். ரயில்வே நிர்வாகமே வண்டியை ரத்துச் செய்தால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். உறுதியான சீட்டையும், வண்டி புறப்பட இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன் எழுதிக் கொடுத்தால், தாய், தந்தை, உடன்பிறந்தார், மனைவி, கணவன், பிள்ளைகள் பெயருக்கு மாற்றிக் கொள்ளலாம். பார்சலோ முற்றிலும் வேறு. அது நம் கையில் இருந்தாலும் அனுப்பியவரின் பொருள். உரியவரிடம் சேர்த்தே ஆக வேண்டும்.

விளையாட்டு விற்பவரை நோக்கி நான் கேட்பது இதுதான். ஐயா, நீங்கள் தருவது சீட்டா, பார்சலா? சீட்டானால் சீட்டுக்குரிய தர்மத்தைக் கடைப்பிடியுங்கள். எந்நாள் வரை சர்வர் நடக்கும் என்று முகப்பில் எழுதுங்கள். முன்னதாக நிறுத்தினால் பணத்தைக் கொடுங்கள். தந்தையின் கணக்கில் உள்ளதை மகன் பெயருக்கு மாற்ற வழி செய்யுங்கள். பார்சலானால், பொருளை முழுமையாக ஒப்படைத்து விடுங்கள். பார்சலின் விலையை வாங்கிக் கொண்டு, நாளும் ஊரும் எழுதாத சீட்டைக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

நம் நாட்டுச் சட்டம் இதில் நமக்கு ஓரளவு துணை நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இணையத்தில் வாங்குவோரையும் நுகர்வோராகவே கருதுகிறது. தக்க காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முடித்துக் கொள்ள இடந்தரும் நிபந்தனையை, நியாயமற்ற ஒப்பந்தத்துக்கு ஓர் உதாரணமாக அச்சட்டம் காட்டுகிறது. அத்தகைய ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில ஆணையத்தில் முறையிடலாம். சேவைக் குறைபாடு போன்ற மற்ற முறையீடுகளை, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே கொடுக்கலாம். விற்றவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை. காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதை மட்டும் மறத்தலாகாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், நம் நாட்டினர்க்கு முறையாக விற்பனை செய்யும் அயல்நாட்டுக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும். 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் முதற்கண் யோசனை கூறும்.

பெற்றோர்களுக்கும் இளைஞர்களுக்கும் சில நடைமுறை யோசனைகள் சொல்ல விரும்புகிறேன். வாங்குமுன் விற்பனைப் பக்கத்தை இறுதி வரை படியுங்கள்; 'எப்பொழுதும் இணையத் தொடர்பு தேவை' என்றோ, வேறொரு கம்பெனியின் கணக்கும் தேவை என்றோ கண்டிருந்தால், அது சீட்டு என்று மனத்தில் குறித்துக் கொள்ளுங்கள். சீட்டுக்குச் சீட்டின் விலையே கொடுங்கள். 2008 முதல் நடந்து வரும் ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடை பூட்டில்லாத பிரதிகளைத் தருகிறது. அவற்றை நாமே ஒரு வட்டில் பத்திரப்படுத்திக் கொள்ளலாம், அதன் பின்னர் எவரையும் கேட்காமல் ஆடலாம். பணம் செலுத்திய ரசீதையும், வாங்கிய நாளில் கண்ட விளம்பரத்தையும் எடுத்து வையுங்கள். ஏமாற்றம் நேர்ந்தபின் வருந்துவதைக் காட்டிலும் ஒரு தாள் கையில் இருப்பது மேல்.

அன்பர்களே! மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டி கட்டும் மக்கள் நாம். நம் சங்கத்து நூலகத்தில் உள்ள புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். முதற் பக்கத்தில் ஒருவர் பெயர், அதை அடித்து அதற்குக் கீழே வேறொருவர் பெயர் என்று எழுதியிருக்கும். ஊரை விட்டுச் சென்றவர் விட்டுச் சென்றதை வந்தவர் படிக்கிறார். தொட்டிலும் சைக்கிளும் தையல் மிஷினும் இந்தக் காலனியில் அப்படித்தான் வீடு மாறி வந்திருக்கின்றன. பிறர்க்குக் கொடுக்க முடிகிற பொருளே நமக்குச் சொந்தமான பொருள். நம் பிள்ளைகள் வளர்ந்து, தாம் விரும்பி ஆடியதைத் தம் தம்பிக்கும் தோழனுக்கும் கொடுக்க நினைக்கும்போது அவர்கள் கையில் ஏதேனும் இருக்க வேண்டும். அதற்காகக் கேள்வி கேட்கும் பழக்கத்தை இப்பொழுதே அவர்களுக்குக் கற்பிப்போமாக.