இருமொழி வாழ்வும் மறதிநோயும்



புலம்பெயர்ந்த நாட்டில் இரண்டாம் மொழி பிள்ளைக்குச் சுமையாகிவிடும் என்று அஞ்சி, வீட்டிலே தமிழைக் கைவிட்ட குடும்பங்கள் பல. அது சுமையா, சேமிப்பா என்ற வினாவுக்கு, முதியோரின் மறதிநோயை ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் பணி ஒளியூட்டுகிறது. அவர் பெயர் சுவர்ணா அல்லாடி.

ஐதராபாத்தின் நிசாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் அவர் மறதிநோய் மருத்துவமனைப் பிரிவை நடத்தி வந்தார். தெலுங்கும் உருதும் இந்தியும் ஆங்கிலமும் தெருவிலேயே கலந்து ஒலிக்கும் நகரம் அது. அங்கு வந்த 648 நோயாளரை அவரும் குழுவினரும் ஆராய்ந்தனர். முடிவுகள் 2013ஆம் ஆண்டு வெளியாயின. ஒருமொழி மட்டும் அறிந்தோரைவிட இருமொழி அறிந்தோருக்கு நோய் ஏறத்தாழ 4.5 ஆண்டுகள் பிந்தியே தொடங்கியிருந்தது. எழுத்தறிவு இல்லாதோரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. ஆகவே இதைக் கல்வியின் பயன் என்று மட்டும் சொல்லிவிட இயலாது.

தொரன்ரோவில் எலன் பியாலிஸ்டொக் குழுவினர் 184 நோயாளரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்விலும் ஏறத்தாழ 4 ஆண்டு வேறுபாடு தென்பட்டது. ஆனால், அங்கே இருமொழியாளர் பலர் குடியேறியோராக இருந்தமையால் ஐயம் எஞ்சியது. ஐதராபாத்திலோ இருமொழியாளர் பெரும்பாலும் உள்ளூர் மக்களே. 2016இல் வெளியான அல்லாடி குழுவின் மற்றோர் ஆய்வில், பக்கவாதத்துக்குப் பின் அறிவாற்றல் குன்றாதிருந்தோர் இருமொழியாளரில் 40.5 விழுக்காடு; ஒருமொழியாளரில் 19.6 விழுக்காடு.

இரு மொழிகளுள் ஒன்றை அடக்கி மற்றொன்றைத் தெரிவு செய்வது மூளைக்கு ஓயாத பயிற்சி என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். எனினும் மிகைப்படுத்தல் ஆகாது. இருமொழி நோயைத் தடுப்பதில்லை. உடல்நலமுள்ளோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த வேறு சில ஆய்வுகளில் இப்பயன் தென்படவுமில்லை.

ஐயத்துக்கு இடமற்றது பராமரிப்பில் மொழியின் பங்கு. நினைவாற்றலை அளக்கும் வினாக்கள் முதியவரின் மொழிக்கும் கல்விக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக, இந்திய மொழிகளில் அத்தகைய சோதனைகளை உருவாக்கும் பணியிலும் அல்லாடி ஈடுபட்டார். தமிழ் மட்டுமே சரளமாக அறிந்த பாட்டியை ஆங்கிலத்தில் வினவினால், மொழி அறியாமை நோயாகத் தோன்றலாம். உண்மையான நோய் மறைந்தும் போகலாம்.

எனவே பெற்றோரே, முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். பெயர் மறத்தலை முதுமையின் இயல்பென்று தள்ளிவிடாமல், வழி தவறுதல், அன்றாட வேலை தடுமாறுதல் ஆகியன கண்டவுடன் மருத்துவரை நாடுங்கள்.

இளையோரே, மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி பலருக்கு முதலில் நழுவுகிறது. இளமையில் பேசிய மொழியே எஞ்சுகிறது. தாத்தா அன்று தமிழில் மட்டும் தண்ணீர் கேட்பாரானால், அதைப் புரிந்துகொள்ள அவ்வீட்டில் ஒருவராவது இருத்தல் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.