முக்கால் மில்லிமீட்டர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



"வேலையைப் பற்றி வேண்டாம், பொழுதுபோக்கைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். என் பொழுதுபோக்கு கொஞ்சம் விபரீதமானது. நான் மெக்கானிக்கல் படித்தவன். அமெரிக்காவில் அளவுக் கருவிகள் சம்பந்தப்பட்ட வேலை. கிரீன் கார்டு வந்த பிறகு அங்குள்ள ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தேன். போட்டிகளில் சுடுகிறவர்கள் பலர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். 'ஹேண்ட்லோடிங்' என்று பெயர். சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்து, சுத்தம் செய்து, புது மருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே அது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே தம்பிகளே, ஹாஸ்டல் அறையில் பரீட்சித்துப் பார்க்க இது பாடம் அல்ல! இதற்குள் இருக்கும் இன்ஜினியரிங்தான் நமக்கு வேண்டியது.

ஒரு பிஸ்டல் தோட்டாவில் நான்கே உறுப்புகள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. உலகம் முழுவதும் அதிகம் புழங்கும் 9 மில்லிமீட்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் லூகர் என்ற வடிவமைப்பாளர் நூறு ஆண்டுகளுக்கும் முன்பே உருவாக்கியது. கூட்டின் நீளம் சுமார் 19 மி.மீ. முழுத் தோட்டாவின் நீளம் அமெரிக்கத் தரப்படி 29.69 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. உள்ளே எழும் அழுத்தத்துக்கு உச்ச வரம்பு 35,000 பி.எஸ்.ஐ. நம் கார் டயரில் முப்பது சொச்சம்தான் காற்று அடிக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மருந்து எவ்வளவு? பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு கிரெய்ன். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். நம் ஊர்ப் பொற்கொல்லர்களின் குன்றிமணி கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன் வரும். அதாவது இரண்டு மூன்று குன்றிமணி எடை மருந்துதான் அத்தனை வேலையும் செய்கிறது.

இந்த மருந்து வெட்டவெளியில் வெடிக்காது. தீபாவளிக்கு வெடிக்காத பட்டாசைப் பிரித்துக் கொட்டிக் கொளுத்தியிருப்பீர்கள். புஸ்ஸுன்னு எரியும், அவ்வளவுதான். அதே மருந்தைச் சணல் கயிறு இறுக்கிச் சுற்றினால் தெருவே அதிரும். புகையற்ற மருந்திலும் இந்தக் குணம் உண்டு. 1884-இல் நடைமுறைக்கு உகந்த முதல் புகையற்ற துப்பாக்கி மருந்தை உருவாக்கிய பால் வியே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரில் ஒரு விதியே இருக்கிறது: அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும். நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலையில் நூறாண்டுக்கு மேலாகத் தயாராகும் மருந்துகளுக்கும் இதே விதிதான்.

மருந்து நிரப்புவதில் இரண்டு ஆபத்து. ஒன்று, இரட்டை நிரப்பு. சில மருந்துகள் அடர்த்தியானவை. சரியான அளவு போட்டாலும் கூட்டில் பாதிகூட நிரம்பாது. கவனம் சிதறி இரண்டாம் முறை போட்டுவிட்டால் அதுவும் உள்ளே அடங்கிவிடும். மேலே குண்டை வைத்து மூடிய பிறகு கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே அனுபவசாலிகள் பருமனான மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு முறை விழுந்தால் வழிந்து கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, மருந்தே விழாமல் போவது. பிரைமர் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவில் சிக்க வைத்துவிடும். சத்தம் சப்பென்று இருக்கும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் கிழியலாம். அதனால் குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கைக் காட்டி எட்டிப் பார்க்க வேண்டும். நூறு தோட்டா என்றால் நூறு முறை.

இனிதான் முக்கியமான விஷயம். குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறக்குவது?

ஸ்பீயர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கையேட்டில் ஒரு சோதனை வருகிறது. 9 மி.மீ. தோட்டா ஒன்று 28,000 அலகு அழுத்தம் தந்தது. அங்கே அலகு பி.எஸ்.ஐ. அல்ல. செம்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்பதை வைத்து அளந்தது. அதே மருந்து, அதே குண்டு. குண்டை மட்டும் வேண்டுமென்றே 0.030 அங்குலம் கூடுதலாக உள்ளே தள்ளினார்கள். அழுத்தம் 62,000 ஆனது. 0.030 அங்குலம் என்பது நம் கணக்கில் முக்கால் மில்லிமீட்டர்.

எப்படி? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூட்டுக்குள் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் சுமார் 0.85 கன செ.மீ. பிடிக்கும். குண்டு உட்கார்ந்த பிறகு மிஞ்சும் இடம், குண்டைப் பொறுத்து, ஏறக்குறைய 0.55. முக்கால் மில்லிமீட்டர் இறங்கினால் அதில் 0.05 குறையும். அதாவது ஒன்பது சதவீதம். பிளஸ் டூவில் படித்த பாயில் விதிப்படி பார்த்தால் அழுத்தம் பத்து சதவீதம்தானே கூட வேண்டும்? இரண்டு மடங்குக்கு மேல் போனது ஏன்?

அங்கேதான் வியே விதி வேலை செய்கிறது. இடம் குறைந்ததால் அழுத்தம் சீக்கிரம் ஏறுகிறது. ஏறியதால் மருந்து வேகமாக எரிகிறது. வேகமாக எரிந்ததால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. குண்டு நகர்ந்து இடம் கொடுப்பதற்குள் பெரும்பகுதி மருந்து வாயுவாகிவிடுகிறது. வட்டிக்கு வட்டி மாதிரி! பத்து சதவீதத்தில் தொடங்கியது எங்கேயோ போய் நிற்கிறது. செமி ஆட்டோமேடிக் பிஸ்டலில் கூட்டின் அடிப்பகுதி தோட்டா ஏறிவரும் சரிவுப் பக்கத்தில் முழுத் தாங்கல் இல்லாமல் இருக்கக்கூடும். பித்தளை அங்கேதான் பிளக்கும். வாயு மேகசின் வழியாகக் கீழே, பிடித்திருக்கும் கையை நோக்கி வரும்.

சரி, காலிப்பர் வைத்து மொத்த நீளத்தை அளந்துவிட்டால் போதாதா? போதாது. ஆழம் எவ்வளவு என்றால், கூட்டின் நீளத்தையும் குண்டின் நீளத்தையும் கூட்டி, மொத்த நீளத்தைக் கழிக்க வேண்டும். கூடு 19.1, குண்டு 15.0, மொத்தம் 29.4 என்றால் ஆழம் 4.7 மி.மீ. அதே எடையில் வேறு கம்பெனிக் குண்டு 15.8 நீளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த நீளம் அதே 29.4. காலிப்பர் அதே எண்ணைத்தான் காட்டும். ஆனால் ஆழம் 5.5! நாம் அளப்பது வெளியே. ஆபத்து இருப்பது உள்ளே. அதனால்தான் குண்டின் பிராண்டை மாற்றினால் மருந்தைக் குறைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கு, கையேட்டின் உச்ச அளவுக்குப் பத்து சதவீதம் கீழே ஆரம்பித்துப் படிப்படியாக ஏறு என்று பெரியவர்கள் சொல்லுவார்கள்.

ரொம்பக் குறைத்தாலும் ஆகாது. ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளிக் காலிக் கூட்டை வெளியே எறியும் அளவுக்காவது உந்துவிசை வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டல் சிக்கி நிற்கும்.

சரியாகச் செய்த தோட்டாவும் பிறகு கெடலாம். மேகசினிலிருந்து சேம்பருக்கு ஏறும்போது குண்டின் மூக்கு சரிவில் மோதுகிறது. கூட்டின் பிடி தளர்வாக இருந்தால் குண்டு உள்ளே நழுவும். பாதுகாப்புக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் சிலர் தினமும் ஒரே தோட்டாவை ஏற்றி இறக்குவார்கள். கம்பெனித் தோட்டாவும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிவிடக்கூடும். சோதிப்பது சுலபம். மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மி ஒன்று செய்து அளக்க வேண்டும். மேகசினிலிருந்து ஏற்றி எடுத்து மறுபடி அளக்க வேண்டும். எண் குறைந்திருந்தால் பிடி போதவில்லை. வாயை இறுக்கி நசுக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பார்கள். அதிகம் நசுக்கினால் குண்டு சுருங்கும், பித்தளை ஸ்பிரிங் மாதிரித் திரும்பிவிடும், பிடி முன்னைவிடத் தளரும். சேம்பரில் கூடு தன் வாய் விளிம்பில்தான் நிற்கிறது என்பதால், அந்த விளிம்பையும் கெடுக்கக் கூடாது.

தம்பி தங்கைகளே, நீங்கள் தோட்டா செய்யப் போவதில்லை. பாய்லர், பாலம், சர்க்யூட், சாப்ட்வேர் என்று எதிலாவது வேலை பார்ப்பீர்கள். கையேட்டில் ஒரு எண் இருக்கும். அந்த எண் தனியாக நிற்பதில்லை. இந்தக் குண்டு, இந்தக் கூடு, இந்த ஆழம் என்று நிபந்தனைகளோடுதான் அது உண்மை. ஒன்றை மாற்றிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், எண் சரியாகவே இருக்கும், கைதான் போகும். "இது எந்த நிலையில் அளந்தது?" என்று கேளுங்கள். சின்ன மாற்றம் சின்ன விளைவைத்தான் தரும் என்று நம்பிவிடாதீர்கள். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சங்கதி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்து நிமிடம் என்றார்கள், கொஞ்சம் தாண்டிவிட்டது. சாப்பாட்டு மணி அடிக்கும் முன் முடித்துக்கொள்கிறேன்.