அழுவதற்கு ஓர் இடம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரை)



துன்ப வேளையில் சமய நம்பிக்கை மனிதனுக்கு எவ்வாறு ஆறுதலாகிறது என்பது பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். மறையுரை ஆற்றுவது என் நோக்கமன்று; அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. பாடசாலையில் தமிழ் படிப்பித்துக் காலம் கழித்த ஒருவன் நான். எனவே ஈழத்துக் கிறிஸ்தவத் தமிழ் இலக்கியத்திலே, அதிகம் பேசப்படாமல் ஒரு மூலையில் இருக்கும் நூலொன்றை முன்வைத்தே பேசப்போகிறேன். அந்த நூலின் பெயர் ‘வியாகுலப் பிரசங்கம்’.

கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்து வளர்ந்த நேயர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதுமே தபசு காலம் நினைவுக்கு வந்துவிடும். கிறிஸ்துநாதர் பட்ட பாடுகளையும் அவரது தாயார் அனுபவித்த துயரத்தையும் சொல்லும் நூல் இது. இதைப் படிப்பதென்றால், பத்திரிகை வாசிப்பதுபோல வாசித்துவிட்டுப் போவதல்ல. குரலை நீட்டி, ஏற்றி இறக்கி, அழுகையின் இராகத்திலே படிக்க வேண்டும். கூடியிருப்போர் ஒப்பாரியாக அதனோடு சேர்ந்துகொள்வார்கள். எழுத்திலக்கியத்துக்கும் வாய்மொழி இலக்கியத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு படைப்பு என்று இதனைச் சொல்லலாம்.

இந்நூலை ஆக்கியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். அவர் தமிழரல்லர். 1676இல் கோவாவில் பிறந்தவர். 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் எழுதி, 1742இல் இந்த மண்ணிலேயே கண் மூடினார். அவர் வந்த காலத்தை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1658இல் யாழ்ப்பாணமும் மன்னாரும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதிக்கப்பட்டது. 1687இல் யோசேவாஸ் அடிகளார் மாறுவேடத்திலேயே இந்நாட்டில் கால் வைத்தார். பின்னாளில், 2015இல், கொழும்பிலே புனிதராக உயர்த்தப்பட்டவரும் அவர்தான். அவருடைய வழியில் வந்தவரே கொன்சால்வெஸ் அடிகளார். ஒல்லாந்தர் ஆண்ட கரையோரங்களில் குருமார் மறைந்து மறைந்தே ஊர்களுக்கு வந்துபோனார்கள். அத்தகைய ஊர்களில், சாமியார் இல்லாத நாட்களிலும் சனங்கள் தாமே கூடியிருந்து படித்து அழுவதற்கு ஒரு நூல் கிடைத்தது. இலக்கியம் செய்த பெரும் உதவிகளில் ஒன்றாகவே நான் இதைக் கருதுகிறேன்.

நான் மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். எங்கள் கோயிலில் ஓர் அண்ணாவியார் பிரசங்கம் படிப்பார். கூத்துப் பழக்கிய குரல் அவருடையது. சிறுவனாக அம்மாவின் அருகில் பாயிலே படுத்தபடி கேட்டிருக்கிறேன். பெரியவர்களெல்லாம் இப்படிக் கூடி அழுகிறார்களே, இதில் என்ன சுகம் என்று எனக்கு விளங்கியதில்லை. ஆசிரிய கலாசாலைக்குப் போய்ப் படித்து வந்த பிறகோ, இது பழங்காலத்துப் பழக்கம் என்ற ஓர் அலட்சியமும் சேர்ந்துகொண்டது. அந்த அலட்சியத்தைக் காலம் வேறு விதமாகத் தீர்த்துவைத்தது.

1990ஆம் ஆண்டு எங்கள் ஊர் இடம்பெயர்ந்தது. அக்காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறியோர் ஏராளம். எல்லாப் படகுகளும் கரை சேரவில்லை. என் தம்பியும் ஓர் இரவு படகேறினான். அவன் போன படகைப்பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. நாங்கள் மற்றவர்களோடு மடுவுக்குப் போனோம். ஒல்லாந்தர் காலத்துக் கெடுபிடிக்குத் தப்ப மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு சனங்கள் ஓடிவந்த காடுதான் மடு என்பது எங்கள் மரபு. அதே காட்டுக்கு நாங்களும் ஓடிவந்தோம்.

அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நிவாரணத்துக்கு வரிசையில் நின்றா, சமைத்தா, தறப்பாள் கொட்டிலைக் கூட்டிப் பெருக்கினா. தம்பியின் பேரில் இறந்தோர் பூசை ஒன்று கொடுப்போமா என்று நான் ஒருநாள் மெல்லக் கேட்டபோது, “செத்ததைக் கண்டவை ஆர்?” என்றா. அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களும் இருந்தார்கள். கடவுளுடைய சித்தம் என்றார் ஒருவர். கடவுள் நேசிக்கிறவர்களைத்தான் சோதிப்பார் என்றார் இன்னொருவர். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தா.

1991ஆம் ஆண்டுத் தபசு காலம் வந்தது. எங்கள் அண்ணாவியாரும் இடம்பெயர்ந்து அங்கேதான் இருந்தார். வீட்டிலிருந்து அவர் எடுத்துவந்த சில பொருள்களுள் பிரசங்கப் பிரதியும் ஒன்று. மண்ணெண்ணெய் தட்டுப்பாடான காலம். ஜாம் போத்தல் விளக்கொன்றை வைத்துக்கொண்டு மரத்தடியில் படிக்கத் தொடங்கினார். பெரிய வெள்ளி இரவு. சிலுவையிலிருந்து இறக்கிய மகனைத் தாய் மடியில் ஏந்தும் கட்டம் வந்தது. பக்கத்திலிருந்த அம்மா, யாருக்கென்று இல்லாமல் சொன்னா:

“மாதா குடுத்துவைச்சவள். பிள்ளையை மடியில வைச்சு அழக் கிடைச்சிருக்கு.”

நேயர்களே, எனக்கு மேனி சில்லிட்டுவிட்டது. தேவதாயின் துயரத்தைப் பார்த்து ஒரு தாய் பொறாமைப்படுகிறா. இது விசுவாசமா, விசுவாசக் குறைவா என்று அந்த நேரத்தில் நான் தடுமாறினேன். அருகிலிருந்த கிழவி ஒருத்தி அம்மாவின் தோளைப் பிடித்தா. அவ்வளவுதான். ஏழு மாதங்களாக அடைத்துக் கிடந்தது உடைந்தது. ஒப்பாரியில் சேர்ந்து அம்மா அழுதா. கிறிஸ்துநாதருக்காக அழுதாவா, தம்பிக்காக அழுதாவா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. யாரும் கேட்கவுமில்லை.

பிற்காலத்தில் வேதாகமத்தை ஓர் இலக்கியமாகப் படித்தபோதுதான் அந்த இரவை நான் விளங்கிக்கொண்டேன். யோபுவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் செல்வத்தையும் சுகத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம் மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் கூடவே இருக்கிறார்கள். அதுவரையில் அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்து, துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்குகிறார்கள். கதையின் முடிவிலே கடவுள் கோபிப்பது முறையிட்ட யோபுவின்மேல் அன்று. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அந்த நண்பர்களையே கடிந்துகொள்கிறார்.

புலம்பல் ஆகமத்தின் அமைப்பு இன்னும் வியப்பானது. எருசலேம் நகரம் பாபிலோனியரால் அழிக்கப்பட்டதைப் பாடும் ஐந்து பாடல்கள் அவை. எபிரேய எழுத்துக்கள் 22. நமது ஆத்திசூடி அகர வரிசையில் செல்வதுபோல, முதல் நான்கு பாடல்களும் அந்த எழுத்து வரிசையிலே செல்கின்றன. நடுப்பாடலில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்றாக 66 வசனங்கள். நம்பிக்கையின் குரல் மேலெழுவதும் அந்தப் பாடலில்தான். ஐந்தாவது பாடலிலும் 22 வசனங்கள் உண்டு. ஆனால் எழுத்து வரிசை குலைந்துவிடுகிறது. சிதறிப்போன வாழ்வைச் சொல்ல ஓர் ஒழுங்கைத் தேடியவன், கடைசியில் அந்த ஒழுங்கும் கைநழுவ நிற்பதுபோல எனக்குத் தோன்றும். நூல் விடையோடு முடிவதில்லை. கைவிடப்பட்டோமோ என்ற ஏக்கத்தோடுதான் முடிகிறது. அதையும் வேதம் என்று வைத்துக் காப்பாற்றினார்கள். 150 சங்கீதங்களிலும் முறையீடாக அமைந்தவை மிகப் பல. சிலுவையிலே கிறிஸ்துவும், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று தந்தையிடம் கேட்டதாகவே சுவிசேஷம் சொல்கிறது. கேட்டவர் கடவுளின் மகன் என்று நம்புகிற சமயத்தில், என் தாய் கேட்டது எப்படிக் குற்றமாகும்?

‘ஆறுதல்’ என்ற நம் தமிழ்ச் சொல்லை நினைத்துப் பாருங்கள். சூடானது ஆறுகிறது, புண் ஆறுகிறது. இரண்டுக்கும் நேரம் வேண்டும். ஊதிக் கெடுக்காமல் விட வேண்டும். மரண வீட்டுக்குப் போவதை நாம் துக்கம் விசாரித்தல் என்கிறோம். துக்கத்துக்கு விளக்கம் சொல்லுதல் என்று எவரும் சொல்வதில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை என் தாய்க்கு எந்த விளக்கத்தையும் கொடுக்கவில்லை. அழுவதற்கு ஓர் இடத்தையும், அழ ஒரு மொழியையும், தன்னைப்போலவே மகனை இழந்த ஒருத்தியின் துணையையும் கொடுத்தது.

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலேயே சனங்கள் கொல்லப்பட்டார்கள். தேவாலயங்களும் விடுதிகளுமாக அன்று 260இற்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த வாரத்திலும் அவசரமாக விளக்கம் சொன்னவர்கள் இருந்தார்கள். அவற்றைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மா கொடுத்த தேத்தண்ணிதான் ஞாபகம் வந்தது.

அழுததனால் அம்மாவுக்கு எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொன்னால் அது பொய். தம்பி இறந்துவிட்டான் என்று அதன் பின்னும் அவ ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரவில் நித்திரை கொண்டா. தம்பியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா; அவனுடைய குழப்படிகளைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தா. ஒவ்வொரு தபசு காலத்திலும் பிரசங்கத்துக்கு முன்வரிசையில் போய் இருந்தா.

1996ஆம் ஆண்டு நவம்பர் மாதம், இறந்தோர் திருநாளுக்கு முதல்நாள். பூசைக்குக் கொடுக்கும் பெயர்களைக் கடதாசியில் எழுதிக்கொண்டிருந்தேன். தாத்தா, அம்மம்மா, அப்பா என்று எழுதி முடித்து மடிக்கப்போனேன். அம்மா அருகில் வந்து பார்த்தா.

“சின்னவன்ர பேரையும் எழுது, ராசா” என்றா.

எழுதினேன். கடற்காற்று இல்லாத காட்டிலே விளக்கு ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. என் கைதான் நடுங்கியது.