தாமதம் யாருடையது?

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் ஆலிம் அல்லன். பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவன் என்ற முறையில் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் பணித்தார்கள். என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

மலத்தில் இரத்தம் கண்டபோது, மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஏழு மாதங்கள் சூரணமும் லேகியமும் உண்டேன். மருத்துவரிடம் போகலாம் என்று என் துணைவியார் வற்புறுத்தும்போதெல்லாம், "அல்லாஹ் நாடிய நேரத்தில் குணமாகும்" என்று கூறி அவர் வாயை அடைத்தேன். தவக்குல் என்று நான் பெயர் சூட்டியிருந்தது, உண்மையில் கோலனோஸ்கோப்பி பரிசோதனையைப் பற்றிய அச்சமும் கூச்சமும்தான். இறுதியில் பரிசோதித்தபோது நோய் நிணநீர்க் கணுக்களையும் எட்டியிருந்தது. மூன்றாம் நிலை என்றார்கள். என்னுடைய தாமதத்தை நான் இறைவனின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு, உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். இந்த வரலாற்றை ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையொப்பமிட்ட அன்றுதான் அது எனக்கு விளங்கியது.

அறுவை முடிந்தபின், இரண்டு வாரங்களுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை கீமோதெரபி. ஆறாம் முறைக்குச் சென்றபோது, இரத்தத்தில் தட்டணுக்கள் 75,000க்கும் கீழே இறங்கியிருப்பதாகக் கூறித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்துச் சென்றேன். மீண்டும் அதே பதில். அன்றிரவு தஹஜ்ஜுதில் அழுதேன். அழுகையைவிட கோபமே மிகுதி என்பதை மறைக்க விரும்பவில்லை. தட்டணுக்களைக் குறைப்பது அந்த மருந்தேதான் என்றும், உடல் தேறுமுன் மீண்டும் ஏற்றினால் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும் என்றும் மருத்துவர் பிறகு விளக்கினார். என்னைக் காத்த இரண்டு வாரங்களைத்தான் நான் குறை கூறியிருக்கிறேன்.

அந்த மருந்தில் குளிர்ச்சி ஆகாது. ஃபஜ்ருக்கு உளூச் செய்யக் குழாயைத் திறந்தால், தண்ணீர் பட்ட விரல்களில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். வெந்நீரில் உளூச் செய்யுங்கள், தண்ணீரே தீங்கு தரும் நிலை வந்தால் தயம்மும் இருக்கிறது என்று நம் இமாம் அவர்கள் சொன்னார்கள். ரமளானில் நோன்பு நோற்க இயலவில்லை. பள்ளியிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியைப் பகலிலேயே குடித்தபோது தொண்டையில் இறங்கவில்லை. அது சலுகை, குற்றமன்று என்று பேரன் எனக்குப் பாடம் நடத்தினான்!

இடையே ஒன்று சொல்ல அனுமதியுங்கள். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்து. ஆனால் மருந்து ஏற்றிய நாள்களில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். உங்கள் சளிக் காய்ச்சல் அவருக்குப் பேராபத்து. தொலைபேசியில் துஆ செய்தாலும் அது போய்ச் சேரும்.

யூசுஃப் (அலை) அவர்களை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். விடுதலையாகும் சிறைத் தோழரிடம், எசமானரிடம் தம்மைப் பற்றிக் கூறுமாறு அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். தம்மால் ஆன முயற்சியைச் செய்தார்கள். அந்தத் தோழர் மறந்துபோனார். மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே கழிந்தன. பின்னர் மன்னர் கனவு கண்டார். முன்பே விடுதலையாகியிருந்தால் எகிப்தின் களஞ்சியங்கள் அவர்கள் பொறுப்பில் வந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

பன்னிரண்டு முறையும் முடிந்துவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். விரல்களில் மரமரப்பு இன்னும் இருக்கிறது; தஸ்பீஹ் மணியை எண்ணும்போது தடுமாறுகிறேன். அடுத்த மாதம் ஸ்கேன். அதில் என்ன வருமோ, அறியேன். தேதி தவறாமல் போவேன், இன்ஷா அல்லாஹ். ஏழு மாதமாக எதையாவது மறைத்துக்கொண்டிருப்பவர் இந்தச் சபையில் இருந்தால், நாளைக் காலையே என்னிடம் வாருங்கள். நானும் உடன் வருகிறேன். எனக்காகத் துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.