மீண்டும் வருமோ என்னும் அச்சம்

நோய் உடலை விட்டு நீங்கிய பின்னரும், அந்நோயைப் பற்றிய அச்சம் உள்ளத்தை விட்டு எளிதில் நீங்குவதில்லை. புற்றுநோய்க்கு இது முற்றும் பொருந்தும். இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயேயாகும். ஹட்டன், நுவரெலியா பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலோ, குளிருக்கும் களைப்புக்கும் துணையாக வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மெல்லும் வழக்கம் ஆண், பெண் இருபாலாரிடமும் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. ஆதலின் இந்நோயும், இந்நோய் பற்றிய அச்சமும் அங்குள்ள குடும்பங்களுக்குப் புதியவை அல்ல.

பேராதனையிலோ, கண்டியிலோ, மகரகமவிலோ சிகிச்சை முடித்து லயத்துக்குத் திரும்பும் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். காணவரும் உறவினர், "அக்கா, இனி ஒன்றுமில்லையே?" என்று அன்போடு வினவுகின்றனர். "இல்லை" என்றால் அது பொய்யாகிவிடுமோ என்பது அவள் கலக்கம். "தெரியாது" என்றால் வீட்டார் மனம் உடையுமே என்பது அவள் தயக்கம். மிளகாய் பட்டு நாக்கு எரிந்தாலும், பழைய நோய்தான் தலைகாட்டுகிறதோ என நெஞ்சு துணுக்குறுகிறது.

"இனி வரவே வராது" என்று உறுதி கூற எந்த வைத்தியராலும் இயலாது. இது வைத்தியரின் குறையன்று, நோயின் இயல்பு. புகையிலையும் பாக்கும் பல்லாண்டுகள் பட்டு ஊறிய வாயில், புண் இருந்த இடம் மட்டுமன்றி, அதைச் சூழ்ந்த பரப்பு முழுவதுமே மாறுதலுற்றிருக்கக்கூடும். இவ்வுண்மையை அமெரிக்க வைத்தியர் சிலாட்டரும் அவர்தம் துணைவரும் 1953இல் எடுத்துக்காட்டினர். எனினும் முழு உறுதி இல்லை என்பதனால் ஒன்றுமே தெரியாது என்று பொருளாகாது. வாய்ப் புற்றுநோய் திரும்புமாயின் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே திரும்புகிறது. அதனாலேயே தொடக்கத்தில் அடுத்தடுத்தும், பின்னர் இடைவெளி விட்டும் நோயாளியைப் பரிசோதனைக்கு வரச் சொல்கின்றனர். காலம் செல்லச் செல்லப் பழைய நோய் திரும்பும் வாய்ப்புக் குறைகிறது. புதிய புண் தோன்றக்கூடும் என்பதால் கவனம் மட்டும் தொடர வேண்டும்.

அச்சம் மனிதரை இரு தவறான வழிகளில் செலுத்துவதுண்டு. ஒரு நாளைக்குப் பத்து முறை கண்ணாடியில் வாயைப் பார்த்து உறக்கம் இழப்பது ஒன்று. எதையும் அறியாதிருப்பதே நலம் என்று கிளினிக் பக்கமே செல்லாதிருப்பது மற்றொன்று. பின்னதே பெரிதும் ஆபத்தானது. இலங்கையில் சுகாதார ஊழியர்கள் 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்த ஆய்வொன்று 1984இல் வெளியாயிற்று. மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட 1,220 பேருள் ஏறத்தாழப் பாதிப்பேர் செல்லவேயில்லை. அவர்கள் சிகிச்சை முடித்தவர்கள் அல்லர். ஆயினும் வைத்தியசாலை வாயிலை மிதிப்பதற்கு உள்ள தடைகள் இருசாராருக்கும் பொதுவே. தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாட்பேர் இழப்பும், பேருந்துச் செலவும், கூட வர ஆளின்மையும் அத்தடைகளுட் சில.

தேயிலையே இதற்கோர் உவமை தருகிறது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைப் பற்றியது. அந்நோய் முற்றாக ஒழிந்துவிடவில்லை. மழைக்காலம் வந்தால் இன்றும் இளங்கொழுந்தில் தோன்றவே செய்கிறது. அதற்கு அஞ்சி எவரும் மலையைக் கைவிடவுமில்லை, அல்லும் பகலும் செடியருகே நின்று காவல் காக்கவுமில்லை. முறைப்படி கொழுந்தெடுத்து, முறைப்படி இலையைப் பார்த்து, வேண்டிய காலத்தில் மருந்தடித்தனர். மலையும் வாழ்ந்தது.

அவ்வாறே, அச்சத்துக்கும் ஒரு முறையும் நாளும் வகுத்துவிடல் வேண்டும். மாதம் ஒரு நாள், நல்ல வெளிச்சத்தில் வாயைப் பார்த்தல் போதும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, வாய் திறப்பதிலோ விழுங்குவதிலோ புதிய தடை, இவற்றுள் ஒன்று தோன்றினாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே செல்ல வேண்டும். ஏனைய நாட்களில் ஐயம் எழுந்தால், "அதற்குரிய நாள் இருக்கிறது" என்று அதைத் தள்ளி வைக்கப் பழகலாம். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைக்கும் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட முடிவு. ஆகவே வெற்றிலைத் தட்டு நீட்டப்பட்டால் மரியாதைக்குத் தொட்டு வணங்கி, வாயிலிடாது விடுவதே தக்கது.

ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்றும் இவ்வழிக்கு அரண் செய்கிறது. தளர்வுப் பயிற்சியை விட, கவனத்தை வேறிடம் திருப்பும் பயிற்சியும், வாழ்வில் தமக்கு எது பெரிது என்று தெளிதலும் அச்சத்தை மிகுதியாகத் தணித்தன.

"இனி ஒன்றுமில்லையே?" என்ற கேள்விக்கு அப்பெண் மெய்யான விடையே கூறலாம்: "போன முறை பார்த்ததில் ஒன்றுமில்லை. அடுத்த முறைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்." அந்த நாளில் வேலையிலிருந்து அவளை விடுவிப்பது தோட்டத்தின் கடன். உடன் செல்வது வீட்டாரின் கடன். இவ்விரண்டும் வாய்க்குமாயின், நாளை பற்றிய ஐயம் அவளோடு இருந்தாலும், இன்றைய வாழ்வை அவளிடமிருந்து பறித்துக்கொள்ளாது.